மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எட்டு மாதம் பாக்கி: மாடல் வேறு போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. கோவையைச் சேர்ந்த நான் மும்பையில் மாடலாக இருக்கிறேன். தொலைக்காட்சி ரியாலிட்டி போட்டி ஒன்றில் இறுதி ஆறு பேரில் ஒருத்தியாக வந்தேன். படப்பிடிப்புக்கு முந்தைய இரவு, ஓட்டல் அறையில் நாற்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாண்டுக்கு அவர்களுடைய ஏஜென்சி வழியாக மட்டுமே வேலை செய்ய வேண்டும். கமிஷன் 30 சதவீதம். முடிந்த பிறகும் ஓராண்டு வேறு சேனல் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. மீறினால் 25 லட்சம் ரூபாய். இரண்டாண்டு நான்கு மாதத்தில் இரண்டே வேலைகள்தான் வாங்கித் தந்தார்கள். நானே பிடித்த நகைக்கடை விளம்பரப் பணத்தையும் அவர்கள்தான் வாங்கினார்கள். என் பங்கு இன்னும் வரவில்லை. இப்போது வேறொரு சேனலின் போட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அது தெரிந்து, 25 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்வது?

பதில்: தாங்கள் அனுப்பிய ஒப்பந்தப் பிரதியில் இரண்டு தடைகள் இருக்கின்றன, சட்டம் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. மூன்றாண்டு முடிந்த பிறகு ஓராண்டுக்கு நீளும் தடையைப் பற்றித் தாங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அப்படித் தடுக்கும் அளவுக்குச் செல்லுபடியாகாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் ஒரு நிறுவனத்துடன் செய்திருந்த மூன்றாண்டு ஒப்பந்தத்தில், காலம் முடிந்து வேறு நிறுவனத்திடம் போவதானால் அந்த வாய்ப்பை முதலில் பழைய நிறுவனத்துக்கே அளிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஒப்பந்தக் காலத்தைத் தாண்டி அவரைக் கட்டிப்போடும் அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. தங்களுடைய விதியோ முழுத் தடை. அது இன்னும் பலவீனமானது.

சிக்கல் மீதமிருக்கும் எட்டு மாதத்தில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறிடம் போகக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக 27ஆம் பிரிவுக்குள் வராது என்பதை, குளிர்பான நிறுவனங்கள் தொடர்பான குஜராத் பாட்லிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஓட்டல் அறையில், படிக்க நேரமின்றிக் கையெழுத்திட்டேன் என்ற வாதம், வயது வந்த ஒருவர் அதன்படி இரண்டாண்டுக்கு மேல் நடந்துகொண்ட பிறகு அநேகமாக எடுபடாது. (அன்று தங்களுக்குப் பதினெட்டு நிறையாதிருந்தால் ஒப்பந்தமே செல்லாமல் போயிருக்கும், தங்கள் விஷயத்தில் அதற்கு இடமில்லை.)

ஆனாலும் நீதிமன்றம் உடனே தடையுத்தரவு தந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஏஜென்சிக்காக வேலை செய்தே தீர வேண்டும் என்று எவரையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. வேறிடம் போகாதே என்று மட்டுமே தடுக்க முடியும். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் எனப்படும் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு அதற்கும் ஒரு நிபந்தனை வைக்கிறது: தடை கேட்பவர் ஒப்பந்தத்தில் தன் பங்கை நிறைவேற்றத் தவறியிருக்கக் கூடாது. இங்கே பலரும் செய்யும் தவறு, "எனக்கு வேலையே வாங்கித் தரவில்லை" என்பதை முதல் வாதமாக வைப்பது. தங்கள் ஒப்பந்தம் ஏஜென்சி "நியாயமான முயற்சி" எடுக்கும் என்று மட்டுமே சொல்கிறது. நான்கு ஆடிஷனுக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டி அவர்கள் தப்பித்துவிடலாம். நகைக்கடைப் பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கும் தராமல் பங்கும் தராமல் இருப்பதற்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. தங்களுடைய உண்மையான பலம் அதுதான்.

25 லட்சத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது. இழப்பை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும் என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டே வேலை வாங்கித் தந்த ஏஜென்சி எட்டு மாதத்தில் 25 லட்சம் இழந்ததாகக் காட்டுவது எளிதன்று.

தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவரே அதைத் தீர்க்க வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பு விதியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நடுவரை ஏஜென்சியின் இயக்குநரே நியமிப்பார் என்கிறது. வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்பது பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் 2019இலேயே முடிவான விஷயம். ஆகவே அவர்கள் பெயர் சொல்லும் நடுவருக்கு எழுத்தில் ஒப்புதல் தந்துவிடாதீர்கள்.

நோட்டீஸுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அதில் நகைக்கடைக் கணக்கைக் கேட்டு, பாக்கியைச் செலுத்த ஒப்பந்தம் சொல்லும் அவகாசத்தை அளித்து, தவறினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகத் தெரிவியுங்கள். விளம்பர ஒப்புதல், வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். ரகசியக் காப்பு விதி இருப்பதால், இன்ஸ்டாகிராமில் அவர்களைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

புதிய சேனலின் ஒப்பந்தத்தில், தங்களைக் கட்டுப்படுத்தும் வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று உறுதி கூறும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். பழைய ஒப்பந்தம் முறைப்படி முடியும் முன் அதில் கையெழுத்திட்டால், இழப்பீடு கேட்க இரண்டாவதாக ஒரு நிறுவனமும் வந்துவிடும். நோட்டீஸ் நகலைப் புதிய சேனலிடம் காட்டி, அந்த வாசகத்தை மாற்றித் தரவோ படப்பிடிப்பைத் தள்ளிவைக்கவோ கேளுங்கள்.