மரத்துப்போவது விரலில், கோளாறு எங்கே?

கேள்வி: கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழுதான். ஆனால் கழுத்து நரம்புகள் எட்டு ஜோடி என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அச்சுப்பிழையா? (செவிலியர் படிப்பு மாணவி)

பதில்: பிழையில்லை. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் (சி) 8, மார்பில் (டி) 12, இடுப்பில் (எல்) 5, இடுப்புக்குக் கீழுள்ள திரிக எலும்பில் (எஸ்) 5, வால் எலும்பில் 1. முதல் கழுத்து நரம்பு மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் நடுவே வெளிவருகிறது. ஆகவே சி1 முதல் சி7 வரை ஒவ்வொன்றும் தன் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறும். ஏழாவது எலும்புக்கும் மார்பின் முதல் எலும்புக்கும் இடையே ஓர் இடைவெளி மிஞ்சுகிறது அல்லவா? அதில் வருவதுதான் சி8. அதற்குப் பிறகு எல்லா நரம்புகளும் தத்தம் எலும்புக்குக் கீழே வெளியேறுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த பதில் எளிதாகப் புரியும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. அறிக்கையில், எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் உள்ள டிஸ்க் பிதுங்கி எல்5 நரம்பை அழுத்துவதாக எழுதியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் வெளியேறுவது எல்4 நரம்புதானே?

பதில்: வெளியேறுவது எல்4தான், மாட்டிக்கொள்வது எல்5. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தங்கள் வாசலைத் தேடிச் செங்குத்தாக இறங்கும் நரம்பு வேர்கள் மட்டுமே. இந்தக் கொத்துக்குக் குதிரைவால் என்று பெயர். எல்4 வேர் தன் எலும்பின் அடியை ஒட்டி, துவாரத்தின் மேல்பகுதி வழியாகவே நழுவிவிடும். டிஸ்க் இருப்பது அதற்குக் கீழே. டிஸ்க்குக்குப் பின்னால் ஓடும் தசைநார் நடுவில் தடிமனாகவும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால், பிதுக்கம் பெரும்பாலும் பின்பக்க ஓரத்தில் வரும். அடுத்த வாசலுக்கு இறங்கிக்கொண்டிருக்கும் எல்5 சரியாக அங்கேதான் இருக்கிறது. பிதுக்கம் மிகவும் வெளிப்பக்கமாகத் தள்ளிப்போனால் மட்டும் எல்4 அகப்படும்.

கழுத்திலும் கீழே உள்ள எலும்பின் எண்ணுக்கே அடி: ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் சி6 வேரை அழுத்தும். ஆனால் அங்கே காரணம் வேறு. கழுத்து வேர்கள் ஏறக்குறையக் கிடைமட்டமாக ஓடுகின்றன; அந்த இடைவெளியில் வெளியேறுவதே சி6தான்.

படத்தைவிட உடல் சொல்வதையே நான் முதலில் நம்புவேன். எல்5 பாதிக்கப்பட்டால் கெண்டைக்காலின் வெளிப்புறம், புறங்கால், பெருவிரல் மரத்துப்போகும். பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும் பலம் குறையும். எஸ்1 என்றால் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரக்கும், நுனிக்காலில் நிற்க முடியாது, குதிகால் தசைநாரைத் தட்டினால் வரவேண்டிய துள்ளல் வராது. எல்4 என்றால் காலின் உட்புறம் மரத்து, முழங்கால் துள்ளல் குறையும். வலியே இல்லாத பலருக்கும் படத்தில் டிஸ்க் பிதுக்கம் தெரிவதுண்டு. அறிகுறியும் படமும் ஒரே வேரைச் சுட்டாதபோது அறுவை சிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் உணர்வு மங்கி, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ இரண்டு கால்களும் பலமிழந்தாலோ குதிரைவால் முழுவதுமே நசுங்குகிறது என்று பொருள். அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

கேள்வி: கைவிரல்கள் மரத்துப்போகின்றன. கோளாறு கழுத்திலா, மணிக்கட்டிலா என்று எப்படி அறிவது?

பதில்: மோதிர விரலைக் கவனியுங்கள். கட்டைவிரல் பக்கமுள்ள அதன் பாதிக்கு மீடியன் நரம்பும், சுண்டுவிரல் பக்கமுள்ள பாதிக்கு அல்நார் நரம்பும் உணர்வு தருகின்றன. பஞ்சால் தடவும்போது விரலின் ஒரு பாதி மட்டும் மரத்திருந்தால் கோளாறு பெரும்பாலும் கையில் ஓடும் நரம்பில்தான். கழுத்து வேர் விரலை அப்படி நடுவே பிளப்பதில்லை.

மணிக்கட்டுச் சுரங்கத்தில் மீடியன் நரம்பு நசுங்கும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலோடு மோதிர விரலின் பாதியும் மரக்கும். இரவில் கூடும், கையை உதறினால் குறையும். கட்டைவிரலின் அடிமேட்டுத் தோலில் மட்டும் உணர்வு நன்றாகவே இருக்கும். அந்தத் தோலுக்கான கிளை முன்னதாகவே பிரிந்து சுரங்கத்துக்கு வெளியே போய்விடுவதே காரணம். சி6 வேர் என்றால் கட்டைவிரலோடு முன்கையின் வெளிப்புறமும் மரக்கும். கழுத்தைப் பின்னால் சாய்த்து அந்தப் பக்கம் திருப்பினால் வலி கைக்குப் பாயும்.

சுண்டுவிரல் மரத்தால் எல்லை மணிக்கட்டு. மரப்பு அங்கேயே நின்றுவிட்டால் முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பைச் சந்தேகியுங்கள். முன்கையின் உட்புறத்திலும் ஏறினால் சி8 வேர்.

கேள்வி: அக்கி ஏன் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது?

பதில்: சின்னம்மைக் கிருமி, உணர்வு வேரில் உள்ள நரம்பு முடிச்சில் பல ஆண்டுகள் ஒளிந்திருந்து மீண்டும் எழுவதே அக்கி. அந்த ஒரு வேர் எந்தத் தோல்பட்டையை ஆள்கிறதோ அங்கேதான் கொப்புளம் வரும். மார்புக்காம்பு மட்டத்துப் பட்டை டி4, தொப்புள் மட்டத்துப் பட்டை டி10. கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அறுபட்ட நரம்பைத் தைத்துவிட்டால் கை பழையபடி ஆகுமா?

பதில்: அறுபட்ட இடத்தைப் பொறுத்தது. வெட்டுக்குக் கீழே உள்ள இழை முழுவதும் அழிந்துவிடும். இழையைச் சுற்றி உறைபோல் இருக்கும் ஷ்வான் செல்களின் குழாய் மட்டும் எஞ்சும். தைத்த பிறகு புதிய இழை அந்தக் குழாய்க்குள் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் வெட்டு என்றால் உள்ளங்கைத் தசைகளைச் சில மாதங்களில் எட்டிவிடும். அக்குளில் வெட்டு என்றால் 60 சென்டிமீட்டருக்கு மேல் வளர வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். நரம்பில்லாத தசையோ 12 முதல் 18 மாதங்களில் மீள முடியாதபடி சுருங்கிவிடும். ஆகவே மேல்பகுதிக் காயங்களில், இழை வந்து சேரும்வரை காத்திராமல் பக்கத்து நரம்பின் கற்றை ஒன்றைத் தசைக்கு அருகிலேயே இணைக்கிறார்கள். முழங்கையை மடக்கும் தசைக்கு அல்நார் நரம்பிலிருந்து ஒரு கற்றையைப் பிரித்துக் கொடுப்பது இப்படித்தான். வளர்ச்சியை அறிய நரம்பின் பாதையில் கீழிருந்து மேலாக விரலால் தட்டிப் பாருங்கள்: மின்சாரம் பாய்வதுபோன்ற கூச்சம் தோன்றும் இடம் மாதந்தோறும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விரல்நுனி நோக்கி நகர வேண்டும். மூன்று மாதங்களாக அதே இடத்தில் நின்றுவிட்டால் அறுவை மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.