வாசகர் கேள்வி – பதில்: தூதரகமும் உயர்ஸ்தானிகராலயமும்

கேள்வி: கொழும்பில் இந்தியாவுக்கு இருப்பது உயர்ஸ்தானிகராலயம், அமெரிக்காவுக்கு இருப்பது தூதரகம். எது பெரியது? – வாசகர், உப்புவெளி

பதில்: இரண்டும் ஒரே தரம்தான். தூதுவர் என்பவர் ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்கு நியமனக் கடிதம் கொடுத்து அனுப்பும் ஆள். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது பிரித்தானியா, இந்தியா, இலங்கை மூன்றுக்கும் அரசர் ஒருவரே: ஆறாம் ஜோர்ஜ். தன் தூதுவரைத் தனக்கே அவர் எப்படி அனுப்புவார்? ஆகவே அரசாங்கம் அரசாங்கத்துக்கு அனுப்பும் உயர்ஸ்தானிகர் முறை பின்பற்றப்பட்டது. 1947இல் இந்தியா கொழும்புக்கு அனுப்பிய வி. வி. கிரி பின்னாளில் இந்திய ஜனாதிபதியானார். 1950இல் இந்தியாவும் 1972இல் இலங்கையும் குடியரசாகியும் பொதுநலவாய நாடுகளுக்குள் (பெரும்பாலும் முன்னர் பிரித்தானிய ஆட்சியில் இருந்த நாடுகளின் அமைப்பு) அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 2016இல் மாலைதீவு பொதுநலவாயத்தை விட்டு விலகியதும் கொழும்பிலுள்ள அதன் உயர்ஸ்தானிகராலயம் தூதரகமாயிற்று. 2020இல் மீண்டும் சேர்ந்ததும் பழைய பெயரே திரும்பி வந்தது.

யாழ்ப்பாணத்தில் 2010இல் இந்தியா திறந்தது துணைத்தூதரகம். அது கொழும்பு உயர்ஸ்தானிகராலயத்துக்குக் கீழ்ப்பட்டது.

கேள்வி: பாராளுமன்றம் தலைநகரான கோட்டேயில். தூதரகங்கள் ஏன் அங்கே போகவில்லை? – வாசகர், திருக்கடலூர்

பதில்: பாராளுமன்றம் 1982இல்தான் இடம் மாறியது. அதற்குள் தூதரகங்கள் கொழும்பில் வேரூன்றிவிட்டன. வெளிவிவகார அமைச்சும் கொழும்புக் கோட்டையிலேயே இருக்கிறது.

கேள்வி: மகளின் பிறப்புச் சான்றிதழை 'அமைச்சின் முத்திரை இல்லை' என்று ஒரு தூதரகத்தில் திருப்பித் தந்துவிட்டார்கள். பதிவாளரின் கையொப்பம் போதாதா? – வாசகி, கிண்ணியா

பதில்: போதாது. நம் பதிவாளரின் கையொப்பத்தைத் தூதரகம் அறியாது. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்தினால்தான் ஏற்கும். முதலில் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுங்கள். லாமினேட் செய்த பழைய பிரதியில் முத்திரை குத்த முடியாது. பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு. அவரிடம் கடவுச்சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். பெரும்பாலான சிக்கல் இங்கேதான்: தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் கடவுச்சீட்டில் ஓர் எழுத்து, மொழிபெயர்ப்பில் வேறோர் எழுத்து. அதன்பின் கொன்சியூலர் முத்திரை. அதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. திருகோணமலையிலேயே பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு என்றால் பரீட்சைத் திணைக்களத்தின் உறுதிப்படுத்தல் முதலில் வேண்டும்.

முத்திரை விழுந்த தாள்களைப் போட்டோப் பிரதி எடுப்பதற்காக ஸ்டேப்பிளைக் கழற்றாதீர்கள். தாள் மாற்றப்பட்டதோ என்று சந்தேகம் வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.