ஏப்ரல், மே மாதத்துப் படகு

கேள்வி: நான் திருவொற்றியூரைச் சேர்ந்தவள். புவியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே நடந்த கடலரிப்பு பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு, வெளிநாட்டுப் புவியியல் ஆய்விதழ் ஒன்று இந்த ஆண்டின் சிறந்த ஆய்வுக் கட்டுரை விருதை அறிவித்திருக்கிறது. வீட்டில் சொன்னேன். உறவினர் எல்லோர் முன்னாலும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "காசு எவ்வளவு தருவாங்க?" அண்ணி சிரித்தார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. கல்லூரி விடுமுறையில், ஏப்ரல், மே மாதங்களில் மூன்று வருடம் அண்ணனின் ஃபைபர் படகிலேயே போனதால் பெரிய செலவில்லாமல் முடித்த ஆய்வு இது. கடலுக்குள் போன தெருக்கள் இருந்த இடங்களை அவர் காட்ட, நான் ஜிபிஎஸ்ஸில் குறித்தேன். இந்த விருதின் மதிப்பைப் படிக்காத குடும்பத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட இரண்டு மாதங்களிலேயே நான் நின்றுவிட்டேன். ஏப்ரல், மே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். சந்தையில் மீன் குறையும், விலை ஏறும். ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. சின்னப் படகுக்காரர் வருடத்தில் நாலு காசு பார்க்கிற நாட்கள் அவை. வாங்கிய கடனை அடைப்பதும், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் எடுத்து வைப்பதும் அந்த வருமானத்தில்தான். அந்த நாட்களில் உங்கள் அண்ணன் வலையைக் கரையில் வைத்துவிட்டு, தங்கையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் மூன்று வருடம். நீங்கள் 'பெரிய செலவில்லாமல்' என்று எழுதுகிறீர்கள்.

யாருக்குச் செலவில்லை, அம்மா? டீசலை யார் ஊற்றியது? அந்த நாட்களின் மீன் யார் வலைக்குப் போனது? அண்ணி சிரித்தார் என்று வருத்தப்படுகிறீர்கள். அந்த மே மாதங்களில் அவர் வீட்டை எப்படி ஓட்டினார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் அது இருந்திருக்கும். மூன்று வருடம் வருமானத்தை விட்ட மனிதர் காசு எவ்வளவு என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு தொகையைப் பதிலாகச் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள்.

உங்கள் விருதை நான் குறைத்துப் பார்க்கவில்லை. ஒரு வருடம் முழுக்க அந்த இதழில் வந்த கட்டுரைகளுக்கு நடுவே ஒன்றை எடுத்து இதுதான் சிறந்தது என்கிறார்கள், சின்ன விஷயம் இல்லை. ஆனால் உங்கள் கட்டுரை எதனால் தனித்து நின்றது என்று யோசித்துப் பாருங்கள். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, வடக்கே நகர வேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது, வடக்கே உங்கள் கரை அரிபட்டது. இதைப் பல பேர் எழுதியாயிற்று. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியதும், கடலுக்குள் நீளும் கல் சுவராகத் தூண்டில் வளைவு கட்டியதும் கூட ஊரறிந்த கதைதான். தண்ணீருக்குள் போன தெரு எந்த இடத்தில் கிடக்கிறது என்பது மட்டும் புத்தகத்தில் கிடைக்காது. உங்கள் அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது? வலை மாட்டி மாட்டித் தெரிந்தது. இடிந்த சுவரிலும் கல்லிலும் வலை கிழியும். கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் புகைபோக்கியையும் பார்த்து இடத்தை மனதில் வைத்துக்கொள்வார்கள், அடுத்த முறை வலை பிழைக்க வேண்டுமே என்று. நீங்கள் வரைபடத்தில் வைத்த ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு கிழிந்த வலை இருக்கிறது.

அவரைப் 'படிக்காத குடும்பம்' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

மூத்தவர் உழைத்து இளையவரைப் படிக்க வைப்பது நம் குடும்பங்களில் நடப்பதுதான், நடக்க வேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படித்து மேலே போனவர், தூக்கி விட்ட கையைப் பார்த்து 'இவர்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பக்கத்துக்கு இதே குறை பல ஊர்களிலிருந்து வருகிறது. டாக்டருக்குப் படித்த மகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் என்று ஆள்தான் மாறுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? கட்டுரையின் நன்றியுரையை எடுத்துப் பாருங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் பெயர் இருக்கும், துறைத் தலைவர் பெயர் இருக்கும். அண்ணன் பெயர் இருக்கிறதா? 'உள்ளூர் மீனவர்களின் உதவி' என்று இருந்தால் அது போதாது. வெளியான கட்டுரைக்கும் ஆய்விதழ்கள் திருத்தக் குறிப்பு போடுவது உண்டு, ஆசிரியருக்கு எழுதுங்கள். அதற்கு முன் அண்ணனைக் கேளுங்கள். பெயர் வரலாமா, அவர் காட்டிய இடங்களை ஊருக்கெல்லாம் சொல்லலாமா என்று கேட்டிருக்க வேண்டியது கட்டுரை எழுதும்போதே. பல பேரோடு தொழில் செய்கிறவர் அவர், அவருக்கும் கணக்குகள் இருக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பரிசுப் பணம் எவ்வளவு வந்தாலும் அண்ணியிடம் கொடுங்கள். அண்ணனிடம் கொடுத்தால் வாங்க மாட்டார். அப்புறம், வலை பின்னுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, வரைபடத்தை விரித்து, கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள். அவர் 'இந்தப் புள்ளி தப்பு' என்றால் வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரைக்கு மறுபடியும் படகில் போக வேண்டியிருந்தால் ஏப்ரல், மே மாதங்களை அவருக்கு விட்டுவிடுங்கள், கல்லூரியில் வேறு மாதத்தில் விடுப்பு கேளுங்கள்.