பயாப்சிக்குப் பிறகு ரத்தக்கசிவு: வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். திடீரென்று கிட்னி செயலிழந்து டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். காரணம் தெரிய தனியார் மருத்துவமனையில் கிட்னி பயாப்சி, அதாவது ஊசி குத்தி கிட்னியிலிருந்து சிறு துணுக்கு, எடுத்தார்கள். அன்று இரவே உள்ளே ரத்தம் கசிந்து ஒன்பது நாள் ஐசியு, பில் 4 லட்சம். சம்மதப் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஏழு மாதம் ஆகிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ரத்தம் கசிந்தது, அதனால் டாக்டர் மேல் தப்பு என்று மட்டும் எழுதினால் நிற்காது. கிட்னி வேலை செய்யாதபோது கழிவு ரத்தத்திலேயே தேங்குவதால், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை ரிப்போர்ட்டில் சரியாக இருந்தாலும் அவை ஒழுங்காக ஒட்டாது, ஊசி குத்திய இடம் லேசில் அடைபடாது. எல்லாக் கவனமும் எடுத்தும் இப்படி ஆகலாம் என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார், கெடுதல் நடந்ததாலேயே அது டாக்டரின் அலட்சியம் ஆகிவிடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பையும் கையோடு கொண்டுவருவார்.

நாம் கேட்க வேண்டியது வேறு. ஆஸ்பிரினை நிறுத்துவது பற்றி இதய டாக்டரிடம் பேசினார்களா, முந்தைய டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்து போட்டார்களா, பிபி எவ்வளவு இருந்தது, பயாப்சிக்குப் பிறகு எத்தனை முறை நாடி பார்த்தார்கள்? நான் பார்த்த ஒரு வழக்கில் நர்ஸ் சார்ட்டில் மாலை 4 மணிக்கு அடுத்த பதிவு இரவு 9 மணிக்குத்தான். நடுவில் வெறும் கட்டங்கள்.

அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தக் கையெழுத்து. அப்பா நினைவோடு, பேசும் நிலையில் இருந்தார் என்றால் சம்மதத்தை அவரிடம்தான் வாங்கியிருக்க வேண்டும், மகனிடம் அல்ல. 2008 சமீரா கோலி வழக்கில் பெற்ற தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். முக்கியமான ஆபத்தையும் மாற்று வழியையும் சொல்லியிருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ரத்தக்கசிவு பயம் உள்ளவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய் வழியாகவும் பயாப்சி எடுக்க முடியும், அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தார்களா?

கேஸ் ஷீட் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதை வேறொரு கிட்னி டாக்டரிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள். உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கெடு இரண்டு வருடம், மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. போலீஸ் புகார் இப்போது வேண்டாம், குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியத்தைக் காட்ட வேண்டியிருக்கும். கேஸ் ஷீட் வந்ததும் பயாப்சிக்கு முந்தைய பக்கங்களில் ஆஸ்பிரின் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.