ரிஜெக்ட் ஆன ஃபைல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

டிமென்ஷியா, அதாவது வயசானவங்களுக்கு ஞாபகமும் யோசனையும் மங்கிப்போற நோய், அது பத்தின ஆராய்ச்சியில பிஎச்டி மூணாவது வருஷம். எங்க வீட்ல காலேஜ் படியேறின முதல் ஆள் நான்தான், லேப்ல என்னை மாதிரி பின்னணியில வந்தவங்க வேற யாரும் இல்ல. கைடு நல்லவர், ஆனா மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் பேசினாலே பெருசு. எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு வருஷப் பயிற்சித் திட்டம் இருக்கு, தனியா மென்டர் தருவாங்க. சேர்ந்தா 'கோட்டால வந்தவ'ன்னு முத்திரை குத்திடுவாங்களோன்னு பயம். வாய்ப்பு கொடுத்த லேபுக்கு நன்றியோட இருக்கறதுதான் முறைன்னும் தோணுது. சேரலாமா?

ம.

அன்புள்ள ம,

முத்திரை குத்துறவன் நீங்க சேர்ந்தாலும் குத்துவான், சேராட்டியும் குத்துவான், அத விடுங்க. பத்து நிமிஷக் கணக்கையும் விடுங்க. எனக்குக் கோவம் வந்தது உங்க நன்றி மேலதான். உங்களை அங்க வச்சிருக்கறது என்ன தர்மத்துக்கா? இந்தத் துறைக்கு நீங்க தேவைப்படுறீங்கம்மா, அது தெரியாம மூணு வருஷம் ஓட்டிட்டீங்களேன்னு ஆத்தாமையா இருக்கு.

நான் வேலை பார்த்த லேப்ல ஒரு பொண்ணு புதுசா சேர்ந்திருந்தா. பள்ளிக்கூடமே போகாத ஒரு அம்மாவுக்குக் கடிகாரம் வரையிற டெஸ்ட் நடந்துட்டிருந்தது. அந்த அம்மா பென்சிலை முஷ்டிக்குள்ள இறுக்கிப் புடிச்சு பேப்பர் கிழியுற அளவுக்கு அழுத்துறாங்க, வட்டம் சேரவே இல்ல. டெஸ்ட் எடுத்தவர் பூஜ்யம் போட்டுட்டு பக்கத்தைத் திருப்பிட்டார். இவ மட்டும், 'சார், அவங்களுக்குப் பென்சில் புடிக்கத்தான் வரல'ன்னுட்டு, பேரப்பசங்க யார் யார் எந்தெந்த நேரத்துக்கு வீடு திரும்புவாங்கன்னு கேட்டா. வரிசையா சொன்னாங்க, கூட வந்த மகளும் எல்லாம் சரின்னாங்க. இவ வீட்ல பென்சில் தொடாத பாட்டி ஒருத்தங்க இருந்ததாலதான் அது அவ கண்ணுல பட்டது.

ஞாபகத்தையும் யோசனையையும் சோதிக்க 1975ல வந்த எம்எம்எஸ்இங்கற டெஸ்ட்ல இன்னிக்கும் ஒரு வாக்கியம் எழுதணும், ரெண்டு ஐங்கோணத்தைப் பார்த்து வரையணும், அதனால படிப்பு குறைஞ்சா ஸ்கோரும் குறையும். ஜீன் விஷயமும் இப்படித்தான். ஏபிஓஇ4ங்கற ஜீன், டிமென்ஷியாவுல ரொம்பப் பரவலான வகையான அல்சைமர் நோய் வர்ற ஆபத்தைக் கூட்டுதுன்னு 1993ல கண்டுபிடிச்சாங்க, ஆனா ஐரோப்பிய வம்சாவளியில கூட்டுற அளவுக்கு ஆப்பிரிக்க வம்சாவளியில கூட்டல, கிழக்கு ஆசியாவுல ஐரோப்பியர்களைவிட அதிகமாவே கூட்டுது. உலகத்துல 5.5 கோடிப் பேருக்கு மேல டிமென்ஷியாவோட இருக்காங்க, அதுல பாதிக்கு மேல ஏழை, நடுத்தர வருமான நாடுகள்ல. 1998ல ஆரம்பிச்ச 10/66ங்கற ஆராய்ச்சிக் குழு பேரையே அதுக்காகத்தான் வச்சுது, நோயாளிகள்ல 66 சதவீதம் இருக்கற இடத்துல ஆராய்ச்சி 10 சதவீதம்கூட நடக்கலன்னு சொல்றதுக்கு.

சாலமன் கார்ட்டர் ஃபுல்லர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? லைபீரியாவுல பொறந்து அமெரிக்காவுல டாக்டரான கறுப்பினத்தவர். 1904ல ஜெர்மனியில மூனிக் போய், இந்த நோய்க்கு யார் பேரை வச்சிருக்காங்களோ அந்த டாக்டர் அல்சைமர் லேப்லயே, அவர்கிட்டயே வேலை கத்துக்கிட்டார். திரும்பி வந்து 1912ல அதுவரைக்கும் தெரிஞ்ச அல்சைமர் கேஸ்களைத் தொகுத்து ஆங்கிலத்துல எழுதினார். பாஸ்டன் யுனிவர்சிட்டியில ஒரு டிபார்ட்மென்ட்டையே தலைவர்ங்கற பதவி இல்லாம அஞ்சு வருஷம் நடத்தினார், 1933ல அவருக்குக் கீழ இருந்த வெள்ளைக்காரரைத் தலைவராக்கினதும் வெளியேறிட்டார். அல்சைமர்கிட்ட படிச்ச ஆளும்மா! அவருக்கு அறிவுரை சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? முடிவு எடுக்கற ரூம்ல அவர் பேரைச் சொல்லி மல்லுக்கு நிக்கத்தான் ஆள் இல்ல. அப்படியிருந்தும் அமெரிக்காவுல டஸ்கீகிங்கற ஊர்ல இருந்த முன்னாள் ராணுவ வீரர் ஆஸ்பத்திரிக்குப் போற கறுப்பின இளம் டாக்டர்களுக்கு அவரே உக்காந்து பயிற்சி கொடுத்தார், அத நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

அதனால மென்டர்னா தட்டிக்கொடுத்து 'நல்லா பண்றே'ன்னு சொல்றவங்கன்னு நினைச்சுக்காதீங்க. என் கைடு நான் சேர்ந்த புதுசுல ஒரு தடிமனான ஃபைலைக் கொடுத்தாங்க, முழுக்க ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அவங்க எழுதி ரிஜெக்ட் ஆன கிராண்ட் விண்ணப்பங்க. ரிவ்யூவர் கமென்ட் ஓரத்துல செவப்பு மையில அவங்க கோவம், அதுக்குக் கீழ வேற மையில ரெண்டு நாள் கழிச்சு எழுதின பதில், அதுக்கப்புறம் திருத்தின வடிவம். எந்த வரியை வெட்டினாங்க, எந்த இடத்துல விட்டுக்கொடுக்கலன்னு பக்கம் பக்கமா தெரிஞ்சுது. ஆராய்ச்சிக் குடும்பத்துல பொறந்த புள்ளைங்களுக்கு இதெல்லாம் வீட்லயே காதுல விழுந்துடும், கிராண்ட் போச்சுன்னா அடுத்த தடவை போடலாம்னு அப்பா பேசறதைக் கேட்டே வளருவாங்க. உங்களுக்கும் எனக்கும் முதல் ரிஜெக்ஷன் வந்ததும் நமக்கு இதெல்லாம் ஆகாது போலன்னுதான் தோணும். எத்தனை நல்ல புள்ளைங்க அந்த ஒரு மெயிலோட துறையை விட்டே போயிருக்காங்க தெரியுமா. பயிற்சின்னு ஒர்க்‌ஷாப்பா நடத்தித் தள்ளுறாங்க, பெரியவங்க யாரும் தோத்த பேப்பரைக் காட்ட மாட்டேங்கறாங்க, காட்டணும், கட்டாயமாக்கணும், இத நான் எத்தனை மீட்டிங்ல கத்தியிருக்கேன்.

உங்க கேள்வி. சேருங்க. ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த மென்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க, ரிஜெக்ட் ஆன கிராண்ட்டு ஒண்ணைக் காட்டுவீங்களா, நான் செஞ்ச வேலையில என் பேர் முதல்ல வருமா. மழுப்பினா வேற மென்டர் கேளுங்க, அப்படிக் கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. விண்ணப்பத்துல உங்க பின்னணியைப் பத்தி ஒரு பத்தி போதும், மிச்சம் முழுக்க நீங்க என்ன ஆராய்ச்சி பண்ணப் போறீங்கன்னு எழுதுங்க. டிராஃப்ட் ரெடியானா எனக்கு அனுப்புங்க, செவப்பு மையிலதான் திரும்பி வரும்.