பிள்ளைகளின் மனசை எத்தனை முறை கேட்பது?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் மனநிலை மாற்றங்கள்தான் என் புராஜெக்ட். ஏற்காட்டிலும் சேலம் டவுனிலுமாக 30 பேர். ஒரே நாளில் கேள்வித்தாள் கொடுத்து, 'கடந்த மாதம் எப்படி இருந்தாய்?' என்று எழுதி வாங்கினால் போதும் என்கிறாள் தோழி. சரிதானா?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். அன்று காலை கணக்குப் பேப்பர் திருத்திக் கொடுத்திருந்தால், மாதம் முழுக்கவே மோசம் என்று எழுதிவிடுவார்கள். இதைத் தவிர்க்கத்தான் 1970-களில் சிகாகோவில் உளவியலாளர்கள் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் ரீட் லார்சனும் பிள்ளைகளிடம் பேஜரைக் கொடுத்தார்கள். அது ஒலிக்கும்போதெல்லாம் எங்கே, யாரோடு, என்ன செய்கிறாய், எப்படி இருக்கிறது என்று அங்கேயே எழுத வேண்டும். பிறகு சுமன் வர்மாவும் லார்சனும் சண்டிகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே முறையில் ஆய்வு செய்தார்கள்.

நீங்கள் ஒரு வாரம், நாளைக்கு 6 முறை கேளுங்கள். ஒரு முறைக்கு ஒரு சீட்டு, மொத்தம் 1,260 சீட்டு. பள்ளியில் போன் கூடாது. தலைமையாசிரியர் அனுமதியோடு அலாரம் வாட்ச் கொடுக்கலாம். காலை 7 முதல் இரவு 9 வரையுள்ள நேரத்தை 2 மணி 20 நிமிடமாக ஆறு துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் குலுக்கலில் நேரம் எடுங்கள். தினமும் மாலை 5 மணிக்கே ஒலித்தால், ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவில் குமட்டலோடு நிற்கும் பிள்ளையைத்தான் பிடிப்பீர்கள். அளந்தது பஸ்ஸைத்தான்.

சீட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிய வேண்டும். 'மனநிலை எப்படி?' என்று கேட்டால் 'நல்லாருக்கேன்' என்றுதான் வரும். ஜாலி, கடுப்பு, டென்ஷன், போர் என்று அவர்கள் வாயில் வரும் சொல்லையே போட்டு, 1 முதல் 7 வரை வட்டமிடச் சொல்லுங்கள்.

பெரிய தொல்லை, ராத்திரி உட்கார்ந்து ஆறு சீட்டையும் மொத்தமாக நிரப்புவது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட வலி உள்ள பெரியவர்களுக்குக் கொடுத்த காகித டைரியில், அது எப்போது திறக்கப்படுகிறது என்று பதிய ஒளி உணரியை ஒளித்து வைத்திருந்தார்கள். 90 சதவீதப் பதிவுகளை உரிய நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியிருந்தார்கள். உண்மையில் 11 சதவீதம்தான். பெரியவர்களே இப்படி. ஆகவே அதுவரை நிரப்பிய சீட்டுகளைத் தினமும் மாலையே திரும்ப வாங்கிவிடுங்கள்; மீதியை மறுநாள் காலையில்.

கணக்கில் ஒரு நுணுக்கம். ஒரு பிள்ளையின் ஜாலி மதிப்பு ஒரே நாளில் 2, 6, 2, 6. இன்னொரு பிள்ளைக்கு 2, 2, 6, 6. சராசரி இருவருக்கும் 4. திட்ட விலக்கமும் (சராசரியிலிருந்து மதிப்புகள் சிதறும் அளவு) ஒன்றே. அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுங்கள்: முதல் பிள்ளைக்கு 16, அடுத்தவளுக்கு 5.3. ஊசலாட்டம் அதில்தான் தெரியும். இரவைத் தாண்டி மட்டும், அதாவது ஒரு நாளின் கடைசி மதிப்பையும் மறுநாளின் முதல் மதிப்பையும், கழிக்காதீர்கள். 'தோழியோடு இருக்கையில் ஜாலி கூடுகிறதா' என்பதையும் அந்தப் பிள்ளையின் சொந்தச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். எப்போதும் 6 போடுகிறவளும் எப்போதும் 3 போடுகிறவளும் வேறு வேறு அளவுகோல்.

தேர்வு வாரமும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரமும் வேண்டாம். பெற்றோர், பிள்ளை இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். இன்னொன்று: ஒரு வாரத்தில் ஏற்ற இறக்கம் தெரியும், வளர்ச்சி தெரியாது. அதற்கு அதே பிள்ளைகளிடம் ஆறு மாதம் கழித்து இன்னொரு வாரம் எடுக்க வேண்டும். கைடிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. காலையில் சிரிக்கிறாள், மாலையில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நானும் இப்படிக் குறித்துப் பார்க்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: நோட்டு அவளுடையதாக இருக்கட்டும், ஒளிந்து படிக்காதீர்கள். நீங்கள் குறிக்க வேண்டியது தூங்கிய நேரம், சாப்பிட்டது, யாரோடு பேசினாள் என்பது மட்டும். மாலையில் சாத்திய கதவு இரவுச் சாப்பாட்டுக்குத் திறந்தால் கவலை வேண்டாம். சோர்வு இரண்டு வாரம் விடாமல் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, தோழிகளையும் ஒதுக்கினால் மருத்துவரிடம் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் பேசலாம்; தமிழிலேயே பேசுவார்கள்.