இயேசு எதை அறிக்கையிட்டார்?

அன்புள்ள ஐயா,

மத்தேயு 11:25இல் இயேசு, ‘பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்’ என்கிறார். அங்கே கிரேக்கத்தில் இருப்பது பாவ அறிக்கைக்கு வரும் அதே சொல் என்று வேத வகுப்பில் ஒருவர் சொன்னார். பாவமே இல்லாதவர் எதை அறிக்கையிட்டார்? மொழிபெயர்ப்பில் தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வகுப்பில் சொன்னவர் சொன்னது சரி. மொழிபெயர்ப்பும் சரி.

அந்தச் சொல் எக்ஸோமொலொகெயோ. ‘ஹொமொ’ என்றால் ஒத்து, ‘லெகோ’ என்றால் சொல்லுதல், முன்னால் ஒட்டியிருக்கும் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ஆக, ஒப்புக்கொண்டு வாய்விட்டுச் சொல்வது. எதை என்பது பக்கத்துச் சொல்லைப் பொறுத்தது. மத்தேயு 3:6இல் யோர்தானுக்கு வந்த ஜனங்கள் ‘தங்கள் பாவங்களை’ அப்படிச் சொன்னார்கள், அது அறிக்கை. 11:25இல் பாவம் என்ற பேச்சே இல்லை. அதற்குச் சற்று முன்புதான் மனந்திரும்பாத கோராசினையும் பெத்சாயிதாவையும் கடிந்துகொள்கிறார். உடனே பிதாவை நோக்கி இந்தச் சொல். அடுத்த வசனம் எப்படித் தொடங்குகிறது, பாருங்கள்: ‘ஆம், பிதாவே!’ அந்த ‘ஆம்’தான் இந்தச் சொல்லின் முழு அர்த்தமும் என்பேன். ஊர்கள் ஏற்காத நாளிலும், நீர் செய்தது சரி என்று வாய்திறந்து சொல்கிறார்.

எபிரெயத்தில் ‘யாதா’ என்ற வினைக்கும் இதே இரட்டைக் குணம் உண்டு. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதற்குப் பெரும்பாலும் இந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்திலேயே இதைப் பார்க்கலாம். சங்கீதம் 18:49இல் ‘உம்மைத் துதித்து’ என்று இருக்கும். அதையே பவுல் ரோமர் 15:9இல் எடுத்தாளும்போது ‘உம்மை அறிக்கைபண்ணி’ என்று ஆகிவிடும். இரண்டும் ஒரே வரி.

அப்புறம், கத்தோலிக்கர் பாவ அறிக்கைக்கு வைத்திருக்கும் பழைய சொல் பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் புகழ்ந்து பாடுவதும்தான். யார் யோசித்து வைத்தார்களோ, அறிக்கையும் துதியும் தமிழிலும் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லூக்கா 22:6இல், பணம் தருவதாகப் பிரதான ஆசாரியர்கள் சொன்னதும் யூதாஸ் ‘சம்மதித்து’ என்று வருகிறதே, அங்கேயும் எக்ஸோமொலொகெயோதான். யூதாஸ் என்பது யூதா என்ற பெயரின் கிரேக்க வடிவம். ஆதியாகமம் 29:35இல் லேயாள், ‘இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்’ என்று சொல்லித் தன் மகனுக்கு வைத்த பெயர் அது. அந்தத் ‘துதிப்பேன்’ எபிரெயத்தில் யாதா. கிரேக்கப் பெயர்ப்பில் இதே எக்ஸோமொலொகெயோ.